வலப்பக்கம் உன்னுடையது

என் கிட்னியின் பழைய சொந்தக்காரிக்கு,

நீ கொடுத்தது ஒழுங்காக வேலை செய்கிறது. அக்கிதான் பாடாய்ப் படுத்துகிறது. கிட்னியைக் காப்பாற்றத் தின்கிற மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைத்ததால் வந்ததாம். ஆனால் கொப்புளமெல்லாம் இடப்பக்கம்தான். வலப்பக்கம் நீ இருக்கிறாய் அல்லவா, அதற்கும் உன்னிடம் பயம்.

உனக்குச் சின்னம்மையே வந்ததில்லை, என் அக்கியிலிருந்து அது உனக்குத் தொற்றிவிடும் என்று டாக்டரம்மா உன்னைத் தங்கை வீட்டுக்கு விரட்டியது சரிதான். கொப்புளமெல்லாம் காய்ந்தால்தான் நீ வரலாம். இன்றும் புதிதாகக் கிளம்பியிருக்கிறது.

சட்டை உரசினால் நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது. சிரிக்காதே, உன் பழைய பருத்தி நைட்டியைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். நேற்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டெய்லர் தெருவிலிருந்து கத்தினார்: "என்னக்கா, எப்ப வந்தீங்க? நீங்க இல்லாம அண்ணன் முகமே தொங்கிப்போச்சு!"

அவர் பார்த்தது என் முதுகைத்தான். அது எனக்கு உறைப்பதற்குள், நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்துவிட்டேன், நீ நிற்கிறாய் என்று.

இப்படிக்கு,
உன் கிட்னியும் நைட்டியும் மட்டும் கையிருப்பாக உள்ளவன்