மீனா நடித்துக் காட்டிய நடை

செவ்வாய்க்கிழமை இரவு, முத்தாபுதுப்பேட்டை.

தூக்கம் வரவில்லை.

நாளைக்கு என் மகள் மீனாவின் வகுப்பில் ஒரு விளையாட்டு. சீட்டில் வரும் இங்கிலீஷ் வார்த்தையை வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும், மற்ற பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். சாயந்தரம் ஹாலில் ஒத்திகை பார்த்தாள். ஹாப், ஸ்கிப், மார்ச், பந்தே இல்லாமல் ஒரு கிக். எல்லாவற்றையும் அவள் அம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். நானும் கை தட்டினேன்.

அப்புறம் கதவிலிருந்து டிவி வரைக்கும் நடந்தாள். வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு, போகிற போக்கில் சுவரை ஒரு தரம் தொட்டுக்கொண்டு. அவள் அம்மா என் பக்கம் திரும்பாமலே, "தெர்லடி" என்றாள்.

"லிம்ப்மா! நொண்டி நொண்டி நடக்கறது. அப்பாவப் பாத்துதான் கத்துகினேன். நல்லா கீதாப்பா?"

"சூப்பரா கீதும்மா" என்றேன்.

சுவரைத் தொடுகிறேன் என்பது எனக்கே தெரியாது. விபத்தில் அடிபட்ட கால் தேறிவிட்டது, பார்த்தால் யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன். நாளைக்குத் திருமழிசையில் கம்பெனி டாக்டர் என்னை நடக்கச் சொல்லிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மறுபடி பஸ்ஸைக் கையில் கொடுப்பார்களா என்பது தெரியும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் தூங்கியதும் அதே இடத்தில் நடந்து பார்த்தேன். கை தானாகச் சுவருக்குப் போனது.

நாளைக்கு அவள் நொண்டுகிற மாதிரி நடிக்க வேண்டும். நான் நொண்டாத மாதிரி.

அவளுக்கு நன்றாக வருகிறது.