காட்ட வெட்கப்பட்ட இடம்

தெல்லிப்பழை
யூன் 14

அன்பு மகன் பிறேமுக்கு,

கர்த்தருடைய கிருபையாலும் தினமும் விழுங்கும் பிரஷர் குளிசையாலும் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். கனடாவில் நீயும் ஜெனிற்றாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என வழக்கம்போல எழுத வந்தேன், ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் அப்பா ஓடிவந்து தன் நெற்றியை மட்டும் கமராவுக்குக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், நீயோ சங்கடமான கதை வந்தவுடன் கவறேஜ் இல்லை அம்மா என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்புகிறேன். முழுவதும் வாசி.

முதலில், ஜெனிற்றாவைக் கோபிக்காதே. நேற்று அவள்தான் அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னாள். வேலைக்கூட்டாளிகளோடு காட்டுப் பக்கம் போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டு வந்தாயாம், உன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த உண்ணியைத் தன் புருவம் திருத்தும் சாவணத்தால் அவள்தான் பிடுங்கி எடுத்தாளாம். பாவம், மாப்பிள்ளை எஞ்சினியர் என்று மட்டும்தான் அவளுக்குச் சொன்னோம், இந்த வேலையும் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கிழமையால் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் வந்து, இப்போது சோசர் அளவுக்குப் பெருத்து நடுவில் வெளுத்திருக்கிறதாம். கழுத்து நோகிறதாம், படி ஏறினால் களைக்கிறதாம். நீ என்ன செய்தாய்? டொக்டரோடு போனில் கதைத்து, உண்ணி கடித்தது, வேறு அடையாளம் ஒன்றுமில்லை என்று சொன்னாய். காட்டாததை அந்த மனிதர் எப்படி அறிவார், இரத்தம் சோதிக்க எழுதிக் கொடுத்தார், உண்ணியால் வரும் லைம் நோய் இல்லை என்று றிப்போட் வந்தது. உடனே நீ குடும்பக் குறூப்பில் நெகற்றிவ், தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று போட்டாய். அந்தக் குறூப்பில் இருக்கும் போதகர் நதானியேல் அதை ஞாயிறு ஆராதனையில் அறிவித்து, சபை எழுந்து நின்று இரண்டு பாட்டுக் கூடுதலாகப் பாடியது, அந்தப் புழுக்கத்தில் நான் மயங்கி விழாதது ஒன்றுதான் குறை. உன் பின்பக்கத்துக்காக ஒரு சபையே நன்றி சொல்லியிருக்கிறது, எந்தப் பாகம் என்று தெரியாமல். சுகமாக்கியதாகச் சொல்லப்பட்ட கர்த்தருக்கே அது அன்றுதான் தெரிந்திருக்கும்.

இப்போது நான் சொல்லப் போவதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதை உடைக்கிறேன், கணக்கை நான் மேலே போய்த் தீர்த்துக்கொள்கிறேன். தை மாதம் அப்பாவுக்குத் தடிமன் காய்ச்சல் என்று உனக்குச் சொன்னோமே, அது தடிமனுமில்லை ஒரு மண்ணுமில்லை. நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு பின்வளவுப் பற்றையை வெட்டுகிறேன் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், ஆள் பிடிக்க வேண்டாமா என்றால் எனக்கென்ன வயதா போய்விட்டது என்றார். பிறகு காய்ச்சல் என்றால் அப்படி ஒரு காய்ச்சல், கட்டில் நடுங்கியது. ஆஸ்பத்திரியில் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் யார் தெரியுமா, றொசாந்தி. ஞாயிறு பள்ளியில் அப்பாவிடம் வேதவசனம் மனனம் பண்ணின அதே சின்னப் பெட்டை. டெங்கு இல்லை என்று தெரிந்ததும் அவள் கேட்டாள், சேர், உடம்பிலை எங்கையாவது கறுத்த பொருக்கு ஏதும் கிடக்கோ, ஒருக்காப் பார்க்கட்டோ என்று. அப்பா இரண்டு கையாலும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, இல்லைப் பிள்ளை, ஒண்டுமில்லை என்றார். ஞாயிறு பள்ளிக்கே தலைவர், பத்துக் கட்டளையையும் பாட்டாகப் பாடிக் காட்டுகிறவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றுகிறார், நீ எப்படிப் பிறந்தாய் என்பது சில வேளை எனக்கே ஆச்சரியமாக இருக்கும், அப்படிப்பட்டவர் அந்தப் பெட்டைக்குக் காட்டுவாரா.

காய்ச்சல் இறங்கவில்லை. ஒருநாள் விடியப் போய்ப் பார்த்தால் மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டு, முகத்தில் ஒட்சிசன் மூடி போட்டிருந்தார்கள், என்னைப் பார்த்தும் யாரென்று தெரியவில்லை. பிறேம், அன்றைக்குத்தான் நான் பயந்தேன். ஜெபம் பண்ண நினைத்தால் ஒரு வசனமும் வரவில்லை, இந்த மனுசன் போனால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன் என்ற ஒரே யோசனைதான். ஈரமான சாரத்தை மாற்றப் போனேன், அந்த மயக்கத்திலும் முடிச்சை விடவில்லை, விரல் விரலாகக் கழற்றினேன். தொடை அரையோடு சேரும் இடத்தில் இருந்தது, சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதைச் சாரம் உரசிய புண் என்று நினைத்துக் களிம்பு வேறு பூசியிருக்கிறார்! றொசாந்தியைக் கத்திக் கூப்பிட்டேன், மறைப்புச் சீலையை இழுக்கச் சொன்னேன், சாரத்தை நானே விலக்கினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள். உது ஒண்டே காணும் அன்ரி, உண்ணிக் காய்ச்சல், இரத்தம் கொழும்புக்குப் போய் வரட்டும், அதுக்காகக் காத்திருக்கேலாது, இப்பவே தொடங்குவம் என்று டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைத் தொடங்கினாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. கொழும்பிலிருந்து றிப்போட் வந்தபோது உன் அப்பா வீட்டில் இருந்து ஆட்டிறைச்சிக் கறிக்கு உப்புக் காணாது என்று என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

நேற்று உன் கதையைக் கேட்டதும் றொசாந்திக்குத்தான் போன் எடுத்தேன். இது வேறு கிருமி, வேறு வருத்தம், நான் இங்கையிருந்து மருந்து சொல்லேலாது அன்ரி, அங்கை ஒரு டொக்டர் நேரிலை பார்க்கவேணும் என்றாள். ஆனால் இதையும் சொன்னாள், அந்த இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லையாம், கிருமியை எதிர்க்க உடம்பு செய்து வைப்பதைத்தான் தேடுகிறதாம், அதைச் செய்ய உடம்புக்குச் சில கிழமை பிடிக்குமாம், அதற்கு முன் இரத்தம் எடுத்தால் கனபேருக்கு ஒன்றும் தெரியாதாம். களவு போன வீட்டுக்கு பொலிஸ் இன்னும் வரவில்லை என்பதற்காகக் களவே நடக்கவில்லை என்று சொல்வாயா? உண்ணி கடித்த ஆளுக்கு அப்படி வளையம் இருந்தால் றிப்போட்டைப் பார்த்துக்கொண்டிராமல் இரண்டு கிழமை அளவில் எடுக்கிற அன்ரிபயோற்றிக் மருந்து தொடங்குவார்களாம். சும்மா விட்டால் மூட்டுக்குப் போகலாமாம், முகம் ஒரு பக்கம் இழுக்கலாமாம், இருதயத் துடிப்பையும் குழப்பலாமாம். இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்ட பிறகு நான் படுக்கவில்லை.

அன்ரிபயோற்றிக் குடலைக் கெடுக்கும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு உள்ளிப்பூடும் மஞ்சளும் விழுங்குகிறாயாம். உள்ளியை ரசத்துக்கு வை. இன்னொரு பக்கம், ஆறு மாதம் ஊசியாக ஏற்றுகிற ஒரு கிளினிக் இருக்கிறது என்று உன் கூட்டாளி சொன்னானாம், அங்கேயும் போகாதே, இரண்டு கிழமை மருந்துக்குப் பயந்தவன் ஆறு மாதத்துக்கு ஏன் ஆசைப்படுகிறாய். உன் டொக்டர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாள் எடு, நடுவில் சுகமாக இருக்கிறதென்று நிறுத்தாதே. உனக்கும் அந்த டொக்சிசைக்கிளினையே தந்தால் நிறையத் தண்ணீரோடு விழுங்கு, விழுங்கின கையோடு படுக்காதே, அப்பா பால் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுச் சரிந்து, நெஞ்செரிகிறது, தன்னை அடக்கம் பண்ண ஆயத்தப்படுத்து என்று கூத்தாடினார். வெயிலிலும் நிற்காதே, தோல் எரியுமாம்.

நாளைக்கே நேரில் போ. போனில் வேண்டாம். களுசானை இறக்கிக் காட்டு. டொக்டர்மார் காணாத பின்பக்கமா, உன்னுடையது ஒன்றும் உலக அதிசயமில்லை, நான் எத்தனை வருடம் கழுவியிருக்கிறேன். எப்போது அந்த வளையம் வந்தது, எவ்வளவு பெருத்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொல். ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு போ, நீ மழுப்பினால் அவள் சொல்வாள், அதற்கு என் அனுமதி இருக்கிறது.

கர்த்தர் உங்கள் இருவரையும் உண்ணியிலிருந்தும் உன் வெட்கத்திலிருந்தும் காத்துக்கொள்வாராக. காட்டிவிட்டு வந்தவுடன் எனக்கு எழுது, குறூப்பில் போடாதே, போதகர் பார்ப்பார்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா பியாட்றிஸ்

பி.கு: படம் எடுக்கும் நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார். ஒளிக்க முடியவில்லை, எல்லாப் பக்கத்தையும் வாங்கி வாசித்தார், கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேனையைக் கேட்டார். கீழே இருப்பது அவருடைய எழுத்து.

மகன், அம்மா எழுதியது முழுவதும் உண்மை. நான் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொன்னேன். நீ சொல்லாதே. போய்க் காட்டு. அப்பா.