காய்ச்சலை எடுத்துப்போட்டார்

1934 ஜூலை 3, செவ்வாய்

விடாத மழை. வாவிக்கரையில் குடைக்கம்பி முறிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தங்கை செல்லத்தைக் கூட்டிக்கொண்டு அச்சகம். என் நாவலின் அச்சுப்படி. சனிக்கிழமை அச்சேறுகிறது.

ஏழாம் அத்தியாயத்தில் காய்ச்சலைக் காணவில்லை.

அச்சகக்காரப் பண்டிதர்தான் பிழை பார்ப்பவரும். முகத்தில் பெருமை. "ரீச்சர், உங்கட பிடில்காரன் ரெண்டாம் அத்தியாயத்தில மடுல்கெல்லத் தோட்டத் திருவிழாவில வாசிச்சனான் எண்டுறான். ஏழில, அண்டைக்குக் காய்ச்சல், போகேல்லை எண்டுறான். மறந்துபோனியள். நான் காய்ச்சலை எடுத்துப்போட்டன். வேறை ஒண்டும் தொடேல்லை."

மறந்துபோனேனாம்! கதை சொல்லும் பிடில்காரன் சுந்தரம் பொய்யன். அன்று குடித்துவிட்டுக் கிடந்தான். மிருதங்கக்காரன் கதிரேசு தனியே மேடையில் இருந்து ஏச்சு வாங்கினான். இரண்டு பொய்யும் இருந்தால்தான் வாசிப்பவர் பிடிப்பார். ஒன்றை எடுத்தால் சுந்தரம் யோக்கியன். கச்சேரியைக் கெடுத்தவன் கதிரேசு என்று அவன் சொல்வதும் உண்மையாகிவிடும்.

ஆறு வருஷ எழுத்து. ஆனாலும் குரலை உயர்த்தாமல், பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"பொய் சொல்லுறவன்ர கதையை ஆர் வாசிப்பினம்?" என்றார்.

ஜூலை 4, புதன்

வெயில். வாங்க: மண்ணெண்ணெய், செல்லத்தின் இருமலுக்கு ஏதாவது. குடை திருத்த.

மாலையில் அச்சுப்படி முழுவதும் வாசித்தேன். சாராயம் எங்கே? சுந்தரம் குடிக்கிற இடமெல்லாம் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் கொத்தமல்லித் தண்ணீர்! அதைக் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான். மனைவியை அடிக்கிறான். கொத்தமல்லி குடித்து!

செல்லம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. "காய்ச்சலைத்தான் எடுத்துப்போட்டாரே, பிறகேன் அக்கா கொத்தமல்லி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் நாவல் எழுதினாலும் அதில் ஆண்களுக்கு மருந்து காய்ச்சிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

ஜூலை 6, வெள்ளி

நேற்று முழுவதும் தலையிடி. கோபத்தால்தான். இன்று மறுபடி அச்சகம். பண்டிதர் இருக்கக் கதிரை தந்தார், நான் இருக்கவில்லை.

"வேறை ஒண்டும் தொடேல்லை எண்டு சொன்னீங்கள். கொத்தமல்லி?"

"அது காசிம் செய்த வேலை, ரீச்சர்."

எழுத்துக் கோக்கும் காசிம் நிமிர்ந்தார். "அல்லாவே! நான் என்னத்த டீச்சர் கண்டேன்? பண்டிதர் செவப்பு மையால எழுதித் தந்தாரு, கோத்தேன்."

பண்டிதர் விடவில்லை. "பொம்பிளையின்ர பேர் போட்ட புத்தகத்தில சாராயமோ? உங்கட நன்மைக்குத்தான் மாத்தினனான்."

"தொடேல்லை எண்டீங்கள். காசிம் எண்டீங்கள். இப்ப மாத்தினனான் எண்டுறீங்கள். இதில எதை எடுத்துப்போட, பண்டிதர்? சரியாப் பார்த்து எடுத்தால் நீங்களும் யோக்கியர்."

காசிம் சிரித்த சிரிப்பில் ஒரு கைப்பிடி ஈய எழுத்து நிலத்தில் சிந்தியது.

பண்டிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார். "உங்கட பிடில்காரனும் இப்பிடியோ?"

"இப்பிடியேதான்."

"காசிம், காய்ச்சலைத் திருப்பிப் போடும்." கொஞ்சம் கழித்து, முகம் பாராமல், "சாராயத்தையும்."

ஜூலை 7, சனி

அச்சேறியது. ஏழாம் அத்தியாயத்தின் முதல் தாள் மை காயாமல் மேசையில். காய்ச்சல் இருக்கிறது. கதிரேசு தப்பினான்.

வேலியடியில் செல்லத்தின் குரல், பக்கத்து வீட்டாளுக்கு: "செவ்வாய்க்கிழமை அக்கா போட்ட சத்தம்! மேசையில அடிச்ச அடியில மைக்கூடு கவிண்டு, பாவம் பண்டிதரின்ர வேட்டி முழுக்கச் சிவப்பு."

இந்த நாட்குறிப்பின் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்: 'குரலை உயர்த்தாமல், பொறுமையாக.' திருத்தவில்லை.