எவ்வளவு தூரம்

மார்ச் 7, வெள்ளி. பிஸ்கட்டவே, வீட்டில்.

காலையிலிருந்து ஐஸ் மழை. கார் கண்ணாடியைச் சுரண்டவே பத்து நிமிடம். சைக்கெடெலிக் தெரபி வகுப்பு, இரண்டாம் வாரம். மனச் சிகிச்சைக்காகப் பிரமை தரும் மருந்து எடுத்துக்கொண்டு படுத்திருப்பவர் பக்கத்தில் ஆறு மணி நேரம் துணைக்கு உட்காரக் கற்றுக்கொள்ள ஒரு வருடப் படிப்பு. "சும்மா உக்கார்றதுக்கு சர்டிஃபிகேட்டா?" என்கிறார் இவர். கேட்கட்டும். எனக்கு அதுதான் வராதது.

பயிற்சிக் குறிப்பில் இன்று ஒரு கட்டம் கூடுதல். மாதவிடாய்ச் சுழற்சியில் எத்தனையாவது நாள்? படுப்பவரும் எழுத வேண்டும், உட்காருபவரும். தூக்கம், வலி, அழுகை எல்லாம் நாளுக்கு நாள் மாறலாம், கவனித்து வையுங்கள் என்றாள் டீச்சர் கேரன். எனக்கு 49. கடைசியாக வந்தது பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால். நா. 58 என்று எழுதினேன்.

வாங்க: பால், கறிவேப்பிலை, டிஷ்வாஷர் சோப்பு.

மகள் மீராவுக்கு மெசேஜ். பதில், வழக்கம்போல் கட்டைவிரல் மட்டும்.

மார்ச் 8, சனி. நா. 59.

வெயில், ஆனாலும் குளிர். அவரவர் வீட்டில் பீரியட்ஸை என்ன சொல்வீர்கள் என்று வட்டமாக உட்கார்ந்து பேச்சு. 'தூரம்' என்றேன். அர்த்தம்? டிஸ்டன்ஸ். ப்யூட்டிஃபுல் என்றாள் கேரன். எரிச்சல் வந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் என் ஜோக்கைச் சொல்வேன். இந்த வீட்டு கிரகப்பிரவேசத்தன்று மீராவுக்குப் பன்னிரண்டு வயது. கீழே ஹோமம், மாமியார் வீட்டு ஜனம். "நீ தூரம், மேலயே இரு" என்றேன். குழந்தை நிஜமாகவே கேட்டாள்: "ஹவ் ஃபார், அம்மா?" பதினான்கு வருடம் எல்லா பாட்லக் விருந்திலும் சொல்லிச் சிரித்தாயிற்று. போன தேங்க்ஸ்கிவிங் விருந்தில் அவளுடைய நண்பன் முன்னாலும். அன்றே டல்லாஸ் பக்கம் பிளானோவில் தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனவள்தான்; அப்புறம் போனில்கூடப் பேசவில்லை.

இன்று சொல்ல வாய் வரவில்லை.

மதியம் நான் படுக்கும் முறை. மருந்து கிடையாது, கண்பட்டி மட்டும். பக்கத்தில் உட்கார்ந்தவள் கையைப் பிடிக்கலாமா என்று கேட்டாள். கேட்பது விதி. தலையாட்டினேன். அப்புறம் அழுகை நிற்கவில்லை. அன்று மேல் ரூமுக்குச் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் அனுப்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு. நா. 60.

கடிகாரம் மாற்றிய நாள். அடுப்பின் கடிகாரம் இன்னும் பழைய நேரம்.

மீராவை மூன்று தடவை கூப்பிட்டேன், வாய்ஸ்மெயில். சாம்பாரைத் தாளிக்கும்போது அவளே கூப்பிட்டாள். அடுப்பை அணைத்தேன்.

"அன்னிக்கு நான் மேல வந்து உன் பக்கத்துல உக்காந்திருக்கணும், மீரா."



"யா. யூ ஷுட் ஹாவ்."

வரட்டுமா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஃப்ரீ என்றாள். வா என்று சொல்லவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி. டல்லாஸ்.

சூடு, காற்று. ஸ்வெட்டர் வீண். பையில் பருப்புப் பொடி, நார்த்தங்காய், அவளுக்குப் பிடித்த முறுக்கு.

விமானத்தில் வந்துவிட்டது, அறுபத்தைந்தாவது நாள். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பேட் கேட்டு வாங்கினேன். நா. 1.

டாக்ஸி டோல்வேயில் போகிறது. எனக்கு அவளைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அவள் ஒன்றுமே பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மீரா மெசேஜ்: ஹவ் ஃபார்?

பதினெட்டு மைல் என்கிறார் டிரைவர். டைப் பண்ணுகிறேன், அழிக்கிறேன்.