கோதுமைக்காக வீடு பார்க்க வந்தார்கள்

சம்பந்தியம்மா,

விடிகாலையில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. கோதுமை வாசலுக்குப் போய் நன்றாக நனைந்துவிட்டு, நான் மடித்து வைத்திருந்த துணிக்குப் பக்கத்தில் வந்து நின்று உடம்பை ஓர் உதறு உதறியது. வீடு முழுக்க ஈரச்சாக்கு வாடை. உங்கள் மன்னார்புரத்து வீட்டிலும் மழைநாளில் இதே வாடைதான். நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினால், "பேத்தி மடியை நனைச்சப்ப மூக்கைப் பொத்தினீங்களா சம்பந்தியம்மா?" என்று கேட்பீர்கள். இன்று பொத்தவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பெண்ணும் என் பிள்ளையும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் போன பிறகு, ஊரின் அந்தக் கோடியில் நீங்கள் தனி, காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்தில் நான் தனி. பேத்தி பெருமையைப் பேச உங்களுக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் உங்களை விட்டால் ஆளில்லை. அப்படி ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோதுதான், "நாய் ஒண்ணு எடுத்து வளர்க்கப்போறேன்" என்றீர்கள்.

"நாய்க்கு என்ன பஞ்சம்? கதவைத் திறந்து வச்சா தெருவில இருக்கிறது அத்தனையும் உள்ள வருது."

"அடிபட்டதுகளைத் தூக்கிட்டுப் போய் வைத்தியம் பாத்து வச்சிருக்காங்க, முக்கொம்பு போற வழியில. கேட்டா குடுப்பாங்களாம். ஆனா லேசுல குடுக்க மாட்டாங்களாம். வீடு பாக்க வருவாங்களாம். நீங்க வந்து கூட உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னென்ன கேப்பாங்கன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

காப்பகத்திலிருந்து வந்தவள் சின்னப் பெண். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்து வைத்துக்கொண்டு, என் பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்த அன்று நின்ற மாதிரியே அடுப்படி நிலைப்படியில் நின்றீர்கள். "உங்க வயசுக்குக் குட்டி தர மாட்டோம் பாட்டி, வளந்ததுதான்" என்றாள் அவள். "நல்லதாப் போச்சு. எனக்கும் மறுபடி அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பில்ல" என்றீர்கள். உங்களால் முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று அவள் கேட்டதும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இதோ எங்க சம்பந்தியம்மா இருக்காங்களே, அவங்க நம்பரை வாங்கிக்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

அவள் படி இறங்கியதும் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"பொண்ணையே உங்ககிட்ட குடுத்துட்டேன். நாயைக் குடுக்க யோசிப்பேனா?" என்று பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

வந்து சேர்ந்தது கோதுமை நிறத்தில் ஒரு பெட்டை. ஒரு காது கிழிந்திருந்தது, பின்னங்காலில் லேசாக ஒரு நொண்டல். "எனக்குச் சர்க்கரை வந்த நாளா வீட்டுல கோதுமைதானே? அதையே கூப்பிட்டுட்டுப் போறேன்" என்று பேர் வைத்தீர்கள். நீங்கள் சப்பாத்தி தேய்த்தால் அது குழவிக்கட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

காய்ச்சல் என்றுதான் படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து எல்லோரும் வந்து காரியமெல்லாம் முடிந்தது. வாடகை வீடு, சாவியைக் கொடுத்தாயிற்று. "உங்களுக்கு முழங்கால் வலி, நாயெல்லாம் வேணாம்மா" என்று என் பிள்ளை சொல்லிவிட்டான். உங்கள் பெண்ணே கோதுமையை ஆட்டோவில் ஏற்றிக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் காப்பியைத் தொடவில்லை. "அம்மா வீடுன்னு சொல்லிக்க எனக்கு இனிமே ஒண்ணுமே இல்ல அத்தை" என்றாள். ஆபீசில் அத்தனை பேருக்கு மேலே இருப்பவள், சின்னக் குழந்தை மாதிரி சொன்னாள். மறுநாள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அந்தக் காப்பகத்துப் பெண் போன் செய்தாள். "பாட்டி, இது சாப்பிடவே மாட்டேங்குது. அவங்க என்ன போடுவாங்கன்னு தெரியுமா?" எனக்குத் தெரியாதா? சப்பாத்தியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். கம்பிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. என்னைப் பார்த்து எழுந்து வந்தது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, நீங்களும் வந்திருக்கிறீர்களா என்று. எப்போதும் நாம் சேர்ந்துதானே இருப்போம். யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் ரெண்டு வாய் தின்றது.

உங்கள் பெண் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா வீட்டில் ஒன்றுமே இல்லையாம். இதோ, ஒரு ஜீவன் மிச்சம் இருக்கிறதே! இதுவும் யார் வீட்டுக்கோ போய்விட்டால் அப்புறம் அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அப்படியெல்லாம் உடனே தர முடியாது பாட்டி. வீடு பாக்கணும்" என்றாள். தோட்டம் வைத்த வீட்டுக்காரர் ஒருத்தரும் கேட்டிருக்கிறாராம்.

பாருங்கள் சம்பந்தியம்மா, எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. பஜ்ஜி தின்றுதான் பழக்கம், ஒருத்தருக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்து பழக்கமில்லை. அன்று கேசரி கிண்டினேன், வாழைக்காய் சீவினேன். வீட்டை ரெண்டு தரம் துடைத்தேன். அவள் வந்து மாடிப்படியைப் பார்த்தாள், கொல்லைக் கதவை இழுத்துப் பார்த்தாள்.

"முழங்கால் வலிக்குமாமே பாட்டி?"

"ஏழு பிரகாரமும் சுத்தின காலும்மா இது. நீ என்கூட நடந்து பாரு, யார் முதல்ல உக்கார்றாங்கன்னு தெரியும்."

சிரித்தாள். அடுத்த கேள்வியை மெதுவாகத்தான் கேட்டாள். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாத்துப்பாங்க?"

நீங்கள் இருந்திருந்தால் பக்கத்தில் கையைக் காட்டியிருப்பேன். உங்கள் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். "உன் பேரைச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன். வந்த நாளாக அவளிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லியிருக்கிறேனே தவிர, செய்யட்டுமா என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கேக்கறீங்களா அத்தை? இந்நேரம் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம் போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி, "அது எங்க அம்மாவோடது. அத்தையால முடியலன்னா நான் வந்து நிப்பேன்" என்றாள். குரல் உங்கள் குரல்தான்.

அந்தப் பெண் கேசரியைத் தின்றாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள். "பேசிட்டுச் சொல்றோம் பாட்டி" என்று படி இறங்கினாள்.

இந்த வார்த்தையை எத்தனை வீட்டில் சொல்லிவிட்டுப் படி இறங்கியிருப்பேன்! தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன், ஊர் வழக்கம். ஆனால் வீட்டுக்குள் நின்று அதைக் கேட்பது வேறு. எண்ணெய்ச் சட்டி ஆறுகிற வரைக்கும் அடுப்படியிலேயே நின்றேன். உங்கள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்ப நாங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

என்னை அவள் அத்தனை நாள் காக்க வைக்கவில்லை. மறுநாளே, "வந்து கூட்டிட்டுப் போங்க பாட்டி" என்றாள்.

இப்போது லீவுக்கு உங்கள் பெண் வந்திருக்கிறாள். பேத்தி பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள், நீங்கள் இருந்தால் மன்னார்புரம் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். ஸ்ரீரங்கத்துக்கு நான் சொல்லிவிட்டேன். முந்தாநாள் ஆட்டோ வந்து நின்றதும் கோதுமை போட்ட ஊளையில் தெருவே எட்டிப் பார்த்தது. உங்கள் பெண் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். உங்கள் காரியத்தில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் தடுக்கவில்லை. பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக, நான் கண் விழிக்கும்போது அவள் குளித்து முடித்து அடுப்படியில் நிற்பாள். இத்தனை வருஷத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இன்று மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. காலை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். பேத்தி இப்போதுதான் வந்து, "அம்மாவை எழுப்பட்டுமா பாட்டி?" என்று கேட்டாள்.

"அவ அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. தூங்கட்டும், கதவைச் சாத்திட்டு வா" என்றேன்.