ஆரஞ்சுக் குட்டி

அக்கா,

பாசார்ல வாங்கின பயத்தங்காய் கட்டப் பிரிச்சேன், பச்ச வாசம் மூக்குல ஏறுது. ஒடனே ஒன் நெனப்புதான். சனிக்கெழமையானா ரெண்டு கட்டு வாங்கிக்கிட்டு மலாவத்தி மலைக்கு என்னைய இழுத்துக்கிட்டுப் போவியே. கருங்கொரங்கு ஒன் தோள்ல ஏறி ஒக்காரும். நான் அனுமாரக் கும்பிட்டுக்கிட்டே தள்ளி நிப்பேன். "கும்புடுற சாமிகிட்டயே பயமாடி?"ன்னு சிரிப்ப.

இப்பவும் பயந்தான் அக்கா. வேற பயம்.

ஒன் மகளுக்கு கோலாலம்பூர்ல ஆராய்ச்சி வேல. திங்கக்கெழமைலேருந்து கொரங்கு மூளைய மெல்லிசா சீவணுமாம். நேத்து வந்து, "திருநீறு பூசி விடுங்க சின்னம்மா"ன்னு தலையக் குனிஞ்சா. எனக்கு கை எழும்பல. அனுமார் எனமாச்சே. ஏதாச்சும் பாவம் புள்ளயப் புடிச்சுக்கிட்டா ஒனக்கு என்ன பதில் சொல்றது?

"கொல்லுவீங்களாடி?"ன்னேன்.

"ஐயோ இல்ல. வயசாகி, சீக்கு வந்து, தானா செத்தது மட்டுந்தான். தாய்க்குப் பால் எறங்க வைக்கிற ஒரு சுரப்பு ஒடம்புல ஊறுதுல்ல? புள்ள மேல பாசம் வர்றதுலயும் அதுக்குப் பங்கு இருக்காம். அது மூளையில எங்கெங்க போயி ஒட்டுதுன்னு படம் எடுக்குறோம். ஒட்டுன எடம் கறுப்பா தெரியும்."

போன்ல காட்டினா. தோச தீஞ்ச மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சு.

"பெக்காதவளுக்கும் ஒட்டுமா?"

என் கையப் புடிச்சா. "ஒட்டுற எடம் எல்லாருக்கும் இருக்கு சின்னம்மா. யாருக்கு எங்க அதிகம்னு இன்னும் தெரியல லா. அதத்தான் பாக்கப் போறோம்."

அப்பத்தான் மலையில நாம பாத்த அந்தக் கொரங்குக் குட்டி ஞாபகம் வந்துச்சு. கறுத்த கூட்டத்துல அது மட்டும் ஆரஞ்சு கலரு. தாய் எல தின்னுக்கிட்டு இருந்துச்சு. வேறொண்ணு வந்து குட்டிய வாங்கி மடியில வச்சுக்கிச்சு. "பாருடி, ஒன்னாட்டம் ஒரு சின்னம்மா"ன்ன நீ. ஒனக்கு சீக்கு இருக்குன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது.

பூசி விட்டுட்டேன் அக்கா. "மொதல்ல ஒரு கும்பிடு போட்டுட்டு அப்பறம் தொடு"ன்னேன். சரின்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா.

இந்தப் பயத்தங்காய எடுத்துக்கிட்டு மலைக்குப் போறேன். தனியாத்தான். கொரங்கு தோள்ல ஏறி ஒக்காந்தா ஒக்காரட்டும், தள்ளி நிக்க மாட்டேன். அதுங்க கிட்ட நம்ம புள்ளைக்காக ஒரு வார்த்த சொல்லணும். புள்ள வளந்து ஆளாயிட்டா அக்கா, ஆனா நீ குடுத்துட்டுப் போனத நான் இன்னும் மடியிலேருந்து எறக்கல.