செல்லத்தாயின் தொழில்

14 ஜூலை 1983, பரவை
செல்லத்தாய் மறுபடி சிலேட்டைப் போட்டு உடைத்தாள். பிறவியிலேயே கைகால் இழுத்துக்கொண்ட பிள்ளை. சம்மணம் போட வராது என்பதால் மூன்றாம் வகுப்பில் அவளுக்கு மட்டும் பெஞ்சு. மதியம் அவள் அம்மா அன்னக்கொடி களையெடுப்பை விட்டு ஓடி வந்து சோறு ஊட்டுகிறாள். எழுதவும் வரவில்லை, சாப்பிடவும் வரவில்லை, காலாண்டுப் பரீட்சைக்குள் மாறாவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்கிறார் தலைமையாசிரியர். வாய்க்கணக்கில் அவளை மிஞ்ச என் வகுப்பில் ஆளில்லை. அது மட்டும் அந்த மனுசன் கண்ணில் படாது!

21 ஜூலை
மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து செல்லத்தாயைப் பார்க்க இன்னாசியம்மாள் என்று ஒருவர் வந்தார். வியாழன்தோறும் வருவாராம். 'தொழில்வழிச் சிகிச்சை' என்று சொல்லிவிட்டார். வந்தது வினை. கப்பலூர் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைத்து அன்னக்கொடி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எம்பிள்ளைக்குத் தொழில் வேணாம் டீச்சர். படிப்புதேன் வேணும்."

எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. "எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னம்மா தொழில்? சாப்பிடுறது, எழுதுறது, விளையாடுறது. அம்புட்டுதான்" என்றார். அன்னக்கொடி மகளை இறக்கிவிட்டாள். கையை மட்டும் விடவில்லை.

28 ஜூலை
இதை எப்படி எழுதுவேன்? நாங்கள் எல்லாரும் செல்லத்தாயின் ஆடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னாசியம்மாள் குனிந்து காலைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து தரை எட்டாமல் தொங்குகிற கால். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த செங்கற்களை எடுத்துவந்து பாதத்துக்கு அடியில் அடுக்கினார். முதுகு நிமிர்ந்தது. கையின் ஆட்டம் அடங்கியது — என் கண் முன்னால்! சிலேட்டுக் குச்சியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தார். 'ட' போட்டாள். கோணல் ட. செங்கல்லா? வெறும் செங்கல்லா?

4 ஆகஸ்ட்
தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. செல்லத்தாய் தானே அள்ளினாள். பாதி வாயில், பாதி மடியில். பொறுக்கமாட்டாமல் மிச்சத்தை அன்னக்கொடி ஊட்டிவிட்டாள்.

11 ஆகஸ்ட்
பஸ் ஓடவில்லை, இன்னாசியம்மாள் வரவில்லை. செங்கல்லைத் தலைமையாசிரியரே தூக்கிவந்து போட்டார். பேரை எடுக்கும் பேச்சையே காணோம். நான் ஏன் ஞாபகப்படுத்துகிறேன்?

18 ஆகஸ்ட்
மதியம் அன்னக்கொடி வழக்கம்போல ஓடி வந்தாள். குழாயடியில் கையைக் கழுவிவிட்டு மகள் தட்டுக்கு நீட்டினாள். செல்லத்தாய் முழங்கையால் தட்டை மறைத்துக்கொண்டாள்.

"இரும்மா. இது என் தொழிலு."

மடியில் ஒரு பருக்கை விழவில்லை என்று சொல்லமாட்டேன், விழுந்தது. ஆனால் தட்டைக் காலி செய்தாள். கழுவிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அன்னக்கொடி அப்படியே நின்றாள், ஈரம் காய்கிற வரைக்கும்.